குதிரைவாலி

சம்பாவுக்குக் காப்பீடு கட்ட நாலு நாள்தான் பாக்கி.
நீடாமங்கலத்தில் என் முன்னறையில் வரிசை:
சிட்டா, அடங்கல், ஆதார், கணக்குப் புத்தகம்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.

அன்றைக்கென்று கணினி
ஒன்றும் திறக்காமலே இரைக்கத் தொடங்கியது.
என் வாட்ஸப்பிலிருந்து
நான் எழுதாத செய்தி நாற்பத்தொரு பேருக்கு:
"காப்பீட்டுத் தொகை வந்துள்ளது. இங்கே தொடவும்."
ஒற்றுப்பிழைகூட இல்லை.
என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தது.

கடைக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்.
"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாங்க."
எல்லாத்தையும் என்றால்
ஆறு வருஷத்து மனுக்கள்.
போனை வைத்துவிட்டேன்.

முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
மடையை அடைத்துவிட்டுத்தானே வயலில் இறங்குவோம்.
செல்போனில் வாட்ஸப்பின் அந்த இணைப்பை வெட்டினேன்.
பஸ் ஏறிப் போய்
ஜெகபர் நாச்சியாவின் மடிக்கணினியில்
கடவுச்சொல் ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
புதுப் பென் டிரைவ் முந்நூற்று ஐம்பது.
அதில் இலவச ஸ்கேனர்கள் இரண்டை ஏற்றித் தந்தாள்.

இரவு பதினொன்றுக்குத் தேடல் தொடங்கியது.
அறுபத்திரண்டு சதவீதத்தில் மின்சாரம் போனது.
வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

அது ஓடி முடிவதற்குள்
கணினி விழிக்கும்போது கூடவே விழிப்பவற்றின் பட்டியலைத் திறந்தேன்.
எல்லாம் வீட்டுப் பெயர்கள் மாதிரிதான்.
ஒன்றில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல்.
வெளியிட்டவர் யார் என்ற இடம் காலி.

அந்தக் காலி எனக்குத் தெரியும்.
ஆறு மா குத்தகை நிலத்தில்
நானே குனிந்து களை எடுக்கிறவள்.
குதிரைவாலி நெல்லோடு நெல்லாக நிற்கும்,
அதே பச்சை, அதே உயரம்,
நெல்லுக்குப் போட்ட யூரியாவைத் தின்றுகொண்டு.
தாளைப் பிரித்து, இலை தண்டை விட்டு விலகும் இடத்தைப் பார்க்கணும்.
நெல்லுக்கு அங்கே வெள்ளையாய் ஒரு சின்ன நாக்கு இருக்கும்.
குதிரைவாலிக்கு நாக்கு கிடையாது.

ஸ்கேனர் அதன் பெயரைச் சொன்னது: ட்ரோஜன்.
ஏதோ ஒரு கோட்டைக்குள்
பரிசென்று இழுத்துப் போன மரக்குதிரையாம்,
நாச்சியா போனில் சொன்னாள்.
இழுத்தது யார் என்று தேதியைப் பார்த்தேன்.
போன செவ்வாய், பிற்பகல் மூன்று பத்து.
பழைய எழுத்துருவில் கிடந்த மனுக்களை
யூனிகோடுக்கு மாற்ற
காசில்லாமல் இறக்கிய மென்பொருள்.
கூடவே ஒரு குறிப்பு:
"ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்."
அணைத்தேன்.
அனுமதிக்கிறீர்களா என்று கணினி ஒரு தரம் கேட்டது.
ஆம் என்றேன்.
பூட்டை யாரும் உடைக்கவில்லை.

முதல் ஸ்கேனர் ஏழு பிடித்தது.
இரண்டாவது, முதலாவது விட்ட இரண்டு.
மறுபடி ஓட்டினேன், ஒன்றுமில்லை.
இன்னொரு தரம் ஓட்டினேன்.
காகங்கள் கத்தத் தொடங்கியிருந்தன.
காசு கொடுக்காத அந்த எழுத்து மாற்றியையும்
அதன் கூட்டாளிகளையும் தூக்கி எறிந்தேன்.
பஸ்ஸோடு சேர்த்து முந்நூற்று எழுபது ரூபாய்.

கணக்கை அங்கேயே முடித்திருப்பேன்,
பக்கிரிசாமி வராமல் இருந்திருந்தால்.
அவர் தொட்டிருந்தார்.
நாலாயிரத்து இருநூறு.
"நீ அனுப்பினதுன்னுதானே தொட்டேன்" என்றார்.
கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.
புகார் எண்ணுக்கு அழைத்தோம்.
ஒரு முறையீட்டு எண் வந்தது.
பணம் இன்னும் வரவில்லை.

நான் தருகிறேன் என்றதற்கு
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"டைப் கூலியில கழிச்சுக்கலாம்மா."

இருநூற்றுப் பத்துப் பக்கம்.
அவர் பெயரில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.
நேற்று முப்பத்தேழாவது:
கோரையாற்றில் ஆகாயத்தாமரை அகற்றக் கோரி,
பொதுப்பணித் துறைக்கு,
மூன்றாம் முறையாக.